கப்பல் கார்களின் காலம்

புதையல் எடுக்கும் கதைகளைச் சிறு பிராயத்திலிருந்து நாம் எத்தனையோ கேட்டிருக்கிறோம். குடம் குடமாகப் பொற்காசு கிடைத்த கதை உண்டு. பூதம் காத்த புதையல் கரியாய்ப் போன கதையும் உண்டு. ஆனால் பூமியைத் தோண்டி ஒரு முழு மோட்டார் காரை வெளியே எடுத்த கதையை நேயர்கள் கேட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாகாணத்தில் டல்ஸா என்று ஒரு நகரம் இருக்கிறது. 'உலகத்தின் எண்ணெய்த் தலைநகரம்' என்று ஒரு காலத்தில் தன்னைத் தானே அழைத்துக்கொண்ட ஊர் அது. ஒக்லஹோமா தனி மாகாணமாகி ஐம்பது வருஷம் நிறைந்ததை 1957-ம் ஆண்டில் கொண்டாடியபோது அவ்வூர்ப் பெரியவர்களுக்கு ஒரு விசித்திரமான யோசனை தோன்றிற்று. அந்த வருஷம் புதிதாக வந்திருந்த பிளிமத் பெல்வடியர் கார் ஒன்றை, பொன்னிறமும் வெண்மையுமாகப் பளபளத்துக்கொண்டிருந்ததை, நியாயஸ்தலத்தின் புல்தரையில் கான்கிரீட் அறை கட்டி அதற்குள் இறக்கி மூடினார்கள். அணுகுண்டு விழுந்தாலும் அந்த அறை தாங்கும் என்று பெருமை பேசிக்கொண்டார்கள். 2007-ம் ஆண்டில் டல்ஸாவின் ஜனத்தொகை எவ்வளவாக இருக்கும் என்று நெருங்கி ஊகிப்பவருக்கு அந்தக் கார் பரிசு என்றும் அறிவித்தார்கள். காரோடு கூடக் கொஞ்சம் பெட்ரோலையும் வைத்துப் புதைத்தார்கள். ஏன் தெரியுமா? ஐம்பது வருஷம் கழித்து உலகத்தில் பெட்ரோல் என்ற வஸ்துவே இல்லாமல் போய்விட்டால் பரிசு பெற்றவர் காரை எப்படி ஓட்டுவார் என்ற முன்யோசனைதான்!

சொன்ன தேதி தவறாமல் 2007-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் அந்தக் காரின் மேல் போர்த்தியிருந்த உறையை விலக்கினார்கள். அந்தோ! பொன்னிறம் எங்கே, வெண்மை எங்கே? கான்கிரீட் அறைக்குள் எப்படியோ தண்ணீர் புகுந்திருந்தது. கார் முழுவதும் துருவேறிச் சேற்று நிறமாகக் கிடந்தது. ஜனத்தொகையைச் சரியாக ஊகித்திருந்த மனிதரோ பல வருஷங்களுக்கு முன்பே காலமாகியிருந்தார். பரிசு அவருடைய சகோதரிகளைப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு விநோதத்தையும் கேளுங்கள். பெட்ரோல் கிடைக்காது என்று பயந்தார்கள் அல்லவா? பெட்ரோல் தாராளமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 'பிளிமத்' என்ற பெயரில் கார் செய்வதுதான் 2001-ம் ஆண்டோடு நின்று போயிருந்தது. எது அழியும் என்று எண்ணினார்களோ அது இருந்தது. எது நிலைக்கும் என்று நம்பினார்களோ அது போயிற்று.

அந்தத் துருப்பிடித்த காரைப் பார்த்துக் கண் கலங்கியவர்களும் அன்று அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஒரு தகர வண்டிக்காகக் கண்ணீரா என்று நாம் நகைக்கக் கூடாது. அமெரிக்கர்களுக்கு அந்தப் பழைய பெருங் கார்கள் வெறும் தகரமல்ல; அவர்களுடைய பால்யமே அவற்றின் பின் ஆசனத்தில் இருக்கிறது.

வாலில் முளைத்த இறகு

அமெரிக்கக் கார் முதலிலேயே யானை உருவத்தோடு பிறந்து விடவில்லை. ஹென்றி போர்டு 1908-ம் ஆண்டில் வெளியிட்ட 'மாடல் டி' கார், எளிய குடியானவனும் வாங்கக் கூடிய எளிய வண்டி. 1927-ம் ஆண்டு வரையில் அது ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரிக் காரை ஓட்டினால் பணக்காரனுக்கும் ஏழைக்கும் என்ன வித்தியாசம்? இந்த இரகசியத்தைக் கண்டுகொண்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன். ஒவ்வொருவர் பணப்பைக்கும் ஏற்ற கார் ஒன்று வேண்டும் என்றார் அவர். கீழ்ப் படியில் செவ்ரோலே, அதற்கு மேல் பாண்டியாக், பிறகு ஓல்ட்ஸ்மொபைல், அப்புறம் ப்யூக், உச்சிப் படியில் காடிலாக். மனிதன் உத்தியோகத்தில் உயர உயரப் படி ஏறிக்கொண்டே போகலாம். அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது அடுத்த வீட்டுக்காரனுக்கு வாசலைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்து விடும்.

அதே கம்பெனியில் 1927-ம் ஆண்டில் ஹார்லி எர்ல் என்ற சித்திரக்காரர் வந்து சேர்ந்தார். காரை இன்னும் நீளமாக, இன்னும் தாழ்வாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஓயாத மந்திரம். இரண்டாவது உலக யுத்த காலத்தில் 'லாக்ஹீட் பி-38' என்ற ஆகாய விமானத்தின் இரட்டை வால் அவருடைய கோஷ்டியாரின் மனதைக் கவர்ந்தது. யுத்தம் முடிந்ததும் 1948-ம் வருஷத்துக் காடிலாக் காரின் பின்புறத்தில் இரண்டு சின்ன இறகுகள் முளைத்தன. வருஷத்துக்கு வருஷம் அவை வளர்ந்தன. 1959-ம் வருஷத்துக் காடிலாக்கில் அவை வானத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தன. ஒவ்வோர் இறகிலும் துப்பாக்கிக் குண்டு போன்ற இரண்டு சிவப்பு விளக்குகள் வேறு! அந்தக் கார் பறக்கவில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் அதில் உட்கார்ந்தவர்கள் பறப்பதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அதன் நீளம் 5.7 மீட்டர். எடை இரண்டு டன்னுக்கு மேல். 325 குதிரைச் சக்தி கொண்ட எஞ்சின். ஒரு காலன் பெட்ரோலைக் குடித்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு மைல் ஓடினால் அதிகம். நம் ஊரில் இத்தகைய வண்டிகளுக்குப் 'படகுக் கார்' என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயரை அமெரிக்கர்களே கண்டுபிடித்ததில்லை.

வண்டியா, வீடா?

அந்தக் கார்களைப் பற்றி வயதான அமெரிக்கர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆசனத்தைப் பற்றித்தான் பேசுவார். இப்போதைய கார்களில் முன்னால் இரண்டு தனி நாற்காலிகள். நடுவில் ஒரு பெட்டி. அப்போதோ இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரையில் திண்ணையைப் போல ஒரே நீண்ட ஆசனம். தகப்பனார் காரை ஓட்டுவார், தாயார் மற்றோர் ஓரத்தில், நடுவில் கடைக்குட்டி. பின்னால் மூன்று பேர். பின் கண்ணாடிக்கு அடியிலுள்ள பலகை போன்ற இடத்தில் ஒரு பிள்ளை மல்லாந்து படுத்துக்கொண்டு நட்சத்திரம் எண்ணிக்கொண்டே தூங்கிப் போவான். வண்டி குலுங்காது; தொட்டிலைப் போல லேசாக அசையும்.

1956-ம் ஆண்டில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 41,000 மைல் நீளத்துக்குப் புதிய ராஜபாட்டைகள் போடுவதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பெட்ரோல் தண்ணீரைப் போல மலிவு. கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி ஒரு சமுத்திரக் கரையிலிருந்து மறு சமுத்திரக் கரைக்குப் பிரயாணம் போனார்கள். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்ப்பதற்கென்று திறந்த வெளி ஸினிமாக் கொட்டகைகள் 1958-ம் ஆண்டு வாக்கில் நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. 1965-ம் ஆண்டில் செவ்ரோலே இம்பாலா என்ற ஒரே ஜாதிக் கார் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இந்தக் கார்களைச் செய்த டெட்ராய்ட் நகரமும் அப்போது ஜே ஜே என்று இருந்தது. 1950-ம் ஆண்டு ஜனக்கணக்கில் அந்நகரத்தில் பதினெட்டரை லட்சம் பேர். பட்டறையில் திருகாணி முடுக்கிய தொழிலாளி சொந்த வீடு கட்டிக்கொண்டான். பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்பினான். தான் முடுக்கிய காரையே தானும் வாங்கினான். ஆகவே, பழைய காரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர் காரை மட்டும் நினைத்து விடுவதில்லை.

மானம் காத்த கார்

அமெரிக்காவின் கறுப்பு மக்களுக்கு இந்தப் பெரிய கார் வேறு விதமான உதவியும் செய்தது. அதை அவசியம் சொல்ல வேண்டும். தென் மாகாணங்களில் பஸ்ஸிலும் ரயிலிலும் அவர்களுக்குத் தனி இடம். வழியிலுள்ள ஹோட்டல்களில் அவர்களுக்கு அறை கிடையாது. அநேக சாப்பாட்டுக் கடைகளில் சோறு கிடையாது. அவர்கள் தைரியமாக எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்பதைத் தெரிவிப்பதற்காக விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-ம் ஆண்டிலிருந்து ஒரு கையேடு பிரசுரித்தார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அத்தகைய காலத்தில் சொந்தக் கார் வைத்திருந்தவனை எவனும் பின்னால் போய் உட்கார் என்று விரட்ட முடியாது. கட்டுச் சாதத்தை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். இரவில் அறை கிடைக்காவிட்டால் குழந்தைகளை அந்த விசாலமான ஆசனத்திலேயே படுக்க வைக்கலாம். வழியில் நின்று உதவி கேட்பது அபாயமான இடங்களில் பழுதாகி நிற்காத பலமான வண்டி வேண்டும். அதற்காகவே பலர் பெரிய கார்களை விரும்பி வாங்கினார்கள். பார்ப்பவர்களுக்கு அது டம்பமாகத் தோன்றிற்று. உள்ளே இருந்தவர்களுக்கு அது மானம்.

1955-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரில் கறுப்பு மக்கள் பஸ் பகிஷ்காரம் தொடங்கினார்கள். காந்தி மகானின் அஹிம்சா மார்க்கத்தைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்ட மார்ட்டின் லூதர் கிங் அதற்குத் தலைமை வகித்தார். 381 நாள் அந்தப் பகிஷ்காரம் நடந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் தினம் வேலைக்குப் போவது எப்படி? பலர் நடந்தார்கள். மற்றவர்களைச் சுமார் 300 சொந்தக் கார்கள் முறை போட்டு ஏற்றிச் சென்றன. கார்களின் இன்ஷூரன்ஸ் ரத்தாகும்படி செய்து இந்த ஏற்பாட்டை முறிக்கப் பார்த்தபோது, லண்டன் லாயிட்ஸ் மூலம் இன்ஷூரன்ஸ் பெற்று வண்டிகளை ஓட்டினார்கள். சத்தியாக்கிரகத்துக்கு ராட்டை உதவியது நமக்குத் தெரியும். மோட்டார் காரும் உதவியிருக்கிறது!

வண்டும் யானையும்

நிற்க. யானை ராஜ்ய பாரம் செய்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு சின்ன வண்டு அமெரிக்காவுக்குள் நுழைந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த வோக்ஸ்வாகன் கார்தான் அது. நீளம் சுமார் நான்கு மீட்டர். எடை காடிலாக்கில் மூன்றில் ஒரு பங்குதான். 1959-ம் ஆண்டில் அதற்கு ஒரு விளம்பரம் வந்தது. பக்கம் முழுவதும் வெறும் வெள்ளை. ஒரு மூலையில் எறும்பளவு கார். சிறியதாக நினைத்துப் பார் என்ற பொருளில் இரண்டே வார்த்தை. மற்றக் கம்பெனிகள் தங்கள் காரின் நீளத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்த வேளையில் இந்தக் கம்பெனி தன் குட்டைத்தனத்தையே சிறப்பாக எடுத்துச் சொல்லிற்று. அமெரிக்க ஜனங்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

ஆனாலும் யானையை வீழ்த்தியது வண்டு அல்ல. 1973-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. சில மாதத்துக்குள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. பெட்ரோல் கடைகளில் கார்கள் தெரு நீளத்துக்கு வரிசை நின்றன. ஒற்றைப்படை எண்ணுள்ள கார்களுக்கு ஒரு நாள், இரட்டைப்படை எண்ணுள்ள கார்களுக்கு மறு நாள் என்று பல மாகாணங்களில் முறை வைத்தார்கள். எந்த ராஜபாட்டையிலும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று 1974-ம் ஆண்டில் சட்டம் வந்தது. அமெரிக்கக் கார்கள் அப்போது ஒரு காலனுக்குச் சராசரி சுமார் 13 மைல்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதை 1985-க்குள் இருபத்தேழரை மைலாக்கியாக வேண்டும் என்று 1975-ம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானித்தது.

ஜப்பானியர்களின் சின்னஞ் சிறு ஹோண்டாவும் டொயோட்டாவும் துறைமுகங்களில் வந்து இறங்கின. 1977-ம் வருஷத்து மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களையே ஏறக்குறைய ஓர் அடி நீளமும் சுமார் 300 கிலோ எடையும் குறைத்தது. 1996-ம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆர்லிங்டன் தொழிற்சாலையில் அந்தக் கம்பெனியின் கடைசிப் பழைய பாணிப் பெருங் கார்கள் செய்யப்பட்டன. போலீஸ்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த போர்டு கிரவுன் விக்டோரியாவும் 2011-ம் ஆண்டில் விடை பெற்றது. ஓல்ட்ஸ்மொபைல் 2004-ம் ஆண்டிலும், பாண்டியாக் 2010-ம் ஆண்டிலும் மறைந்தன. ஸ்லோன் கட்டிய ஏணியில் இப்படியாக இரண்டு படிகள் கழன்று விழுந்தன. டெட்ராய்டின் ஜனத்தொகை 2020-ம் ஆண்டுக் கணக்கில் 6 லட்சத்து 39 ஆயிரம்.

இதற்கிடையில் 2008-ம் ஆண்டில் 'ஸ்மார்ட்' என்ற ஐரோப்பியக் குட்டிக் கார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். நீளம் 2.69 மீட்டர். 1959-ம் வருஷத்துக் காடிலாக் நிற்கும் இடத்தில் இரண்டு ஸ்மார்ட் வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, நடுவே ஒரு சாண் இடமும் விடலாம். "இது காரா, காலில் போட்டுக்கொள்ளும் ஜோடா?" என்று பழைய ரஸிகர்கள் கேட்டால் அதில் ஆச்சரியம் என்ன?

இரண்டு கார்கள் மோதின

பழைய காரின் பக்தர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "என்ன இருந்தாலும் அந்தக் காலத்து இரும்பு இரும்புதான். இப்போதைய தகரத்தை ஒரு தட்டுத் தட்டினால் நசுங்கிவிடும். பழைய காரில் உட்கார்ந்தால் கோட்டைக்குள் உட்கார்ந்த மாதிரி" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உண்மைதானா?

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் பாதைப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது. அது ஏற்பட்டது 1959-ம் ஆண்டில். தன் பொன்விழாவை முன்னிட்டு 2009-ம் ஆண்டில் அது இந்த வாதத்தைப் பரீட்சித்துப் பார்த்துவிடத் தீர்மானித்தது. 1959-ம் வருஷத்துச் செவ்ரோலே பெல் ஏர் கார் ஒன்று. 2009-ம் வருஷத்துச் செவ்ரோலே மாலிபு கார் ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனியின் குழந்தைகள். எடையில் அதிக வித்தியாசம் இல்லை. நீளத்தில் பழையது அரை மீட்டர் அதிகம். டிரைவர் ஆசனங்களில் மனித உருவப் பொம்மைகளை உட்கார வைத்து, இரண்டையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் டிரைவர் பக்கமாக நேருக்கு நேர் மோத விட்டார்கள்.

மாலிபுவின் மூக்கு அப்பளமாக நொறுங்கிற்று. ஆனால் டிரைவர் உட்கார்ந்திருந்த கூடு அப்படியே நின்றது. அதிலிருந்தவன் மனிதனாக இருந்திருந்தால் காலில் சிறு காயத்தோடு தப்பியிருப்பான். பெல் ஏர் காரிலோ முன்பாகம் முழுதும் டிரைவரின் மடியில் வந்து விழுந்தது. சுக்கான் சக்கரம் மார்பையும் தலையையும் தேடி வந்தது. கதவு திறந்துகொண்டது. அதிலிருந்தவன் மனிதனாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். அருமையான பழைய காரைப் பாழாக்கினார்களே என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். உள்ளே எஞ்சினே இல்லாத காரை மோத விட்டதாக வதந்தியும் கிளம்பிற்று. எஞ்சின் இருந்தது என்று ஸ்தாபனத்தார் பதில் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். மோதலின் வேகத்தை ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். புதிய காரில் முன்பாகம் வேண்டுமென்றே நசுங்கி அந்த வேகத்தை விழுங்கிக்கொள்கிறது. உட்கார்ந்திருப்பவரைச் சுற்றியுள்ள கூடு நசுங்காமல் நிற்கிறது. பழைய காரில் அந்த ஏற்பாடு இல்லை. மார்புக் கச்சை கிடையாது. காற்றுப் பை கிடையாது. சுக்கான் தண்டு ஈட்டியைப் போல நேரே மார்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரால்ப் நேடர் என்ற இளம் வக்கீல் 1965-ம் ஆண்டில் இவற்றையெல்லாம் ஒரு புத்தகத்தில் அம்பலப்படுத்தினார். மறு வருஷமே பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1950-களின் கடைசியில் கார்கள் ஓடிய பத்துக் கோடி மைலுக்கு ஐந்துக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்கச் சாலைகளில் மாண்டார்கள். 2019-ல் அது ஒன்றுக்குச் சற்று அதிகம். பின் கண்ணாடி ஓரத்தில் படுத்து நட்சத்திரம் எண்ணிய பிள்ளைகளில் வீடு திரும்பியவர்கள்தான் இன்று அந்தக் கதையைச் சொல்லுகிறார்கள். திரும்பாதவர்கள் எந்தக் கதையும் சொல்ல முடியாது அல்லவா?

அதற்காக, சின்னக் கார்தான் சிலாக்கியம் என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. அதே ஸ்தாபனம் அதே 2009-ம் ஆண்டில் ஸ்மார்ட் முதலிய குட்டிக் கார்களை நடுத்தரக் கார்களோடு மோத விட்டபோது அடி பலமாக விழுந்தது குட்டிகளுக்குத்தான். ஒரே காலத்தில் ஒரே சாமர்த்தியத்தோடு செய்த இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் கனமானதே ஜயிக்கும். பௌதிக சாஸ்திரம் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

திரும்பி வந்த யானை

சரி, கடைசியில் சின்னக் கார் ஜயித்துவிட்டதா என்றால், அங்கேதான் கதையின் வேடிக்கை இருக்கிறது. ஸ்மார்ட் 2019-ம் ஆண்டோடு அமெரிக்காவை விட்டுப் போய்விட்டது. 2018-ம் ஆண்டில் போர்டு கம்பெனி தன் ஸெடான்களை வட அமெரிக்காவில் நிறுத்திவிடப் போவதாக அறிவித்தது. இம்பாலா 2020-ம் ஆண்டில் முடிந்தது. பந்தயத்தில் பழைய காரைத் தோற்கடித்த அந்த மாலிபுவின் வம்சமே 2024-ம் ஆண்டில் நின்றுவிட்டது. பெட்ரோல் சிக்கனச் சட்டம் கார்களிடம் கடுமையாகவும் லாரி ஜாதி வண்டிகளிடம் இளக்காரமாகவும் இருந்தபடியால், கம்பெனிகள் லாரியின் மேல் வீட்டைக் கட்டி விற்கத் தொடங்கின. ஜனங்களும் உயரமான இடத்தில் உட்கார ஆசைப்பட்டார்கள். கடைசிப் பெருங் கார்களைச் செய்த ஆர்லிங்டன் தொழிற்சாலையில் அதன் பிறகு செய்யப்படும் வண்டிகளுள் ஒன்று செவ்ரோலே சபர்பன். அதன் நீளம் எவ்வளவு தெரியுமா? 5.7 மீட்டர். 1959-ம் வருஷத்துக் காடிலாக்கின் அதே நீளம்!

நீளம் திரும்பி வந்தது. ஆனால் பழைய தாழ்வு திரும்பி வரவில்லை. எர்ல் செய்த கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இப்போதைய வண்டியின் முன்பாகம் மனிதனுடைய மார்பளவு நிற்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது கோட்டை. வீதியில் நடப்பவருக்கு மதில் சுவர். அமெரிக்காவில் கார் மோதி இறந்த பாதசாரிகள் 2009-ல் சுமார் 4,100 பேர். 2022-ல் 7,500-க்கு மேல். இதற்குக் காரணங்கள் பல. ஆனால் முன்பாகம் உயர்ந்த வண்டிகள் பாதசாரிகளைக் கொல்லும் அபாயம் அதிகம் என்று அந்த இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமே 2023-ம் ஆண்டில் கணக்கிட்டுக் கூறியிருக்கிறது.

ஆகையால், பழைய கப்பல் காரை நினைத்து ஏங்குகிறவர்களிடம் நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் ஏங்குவது ஈட்டி போன்ற சுக்கான் தண்டுக்காக அல்ல. காலனுக்குப் பன்னிரண்டு மைலுக்காகவும் அல்ல. ஒரே ஆசனத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்த குடும்பத்துக்காக. நாளைக்கு இன்னும் நன்றாயிருக்கும் என்று நம்பிய ஒரு காலத்துக்காக. அந்த நம்பிக்கையைத்தான் டல்ஸா ஜனங்கள் 1957-ம் ஆண்டில் பெட்ரோலும் வைத்துப் பத்திரமாகப் புதைத்தார்கள்.

அந்தப் பிளிமத் பிற்பாடு இல்லினாய் மாகாணத்தில் ஒரு காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. துருவைக் கூடிய மட்டும் சுரண்டிப் பார்த்தார்கள். அங்கங்கே பழைய வர்ணத்தின் அடையாளம் தெரிந்ததாம். ஆனால் ஓடவில்லை.